தார்ப்பாய் கட்டிய புகைக்குழாய்

அடுப்பை வாங்கியது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. நாசரேத் பக்கத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் பிறந்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஒரு தோணித் தண்டலின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு, அவர் வீட்டு மாடியிலேயே குடியேறியவன். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் உப்பும் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் போய்வந்த மனிதர் என் மாமனார். கரையேறிய பிறகும் அவர் குரல் மட்டும் கரையேறவில்லை. கீழ் வீட்டில் இருந்து அவர் ஒரு வார்த்தை பேசினால் மாடியில் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பேன்.

அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல ஒரு இரும்பு பீரோவும் கொடியில் பாதிக் கயிறும்தான் இருந்தன. பூட்டு அவருடையது, சாவி அவருடையது, மொட்டை மாடியில் காயும் வற்றல் எந்தத் திசையில் காய வேண்டும் என்பதும் அவர் முடிவு. எட்டு வருடம் குழந்தை இல்லாமல் இருந்தோம். அதற்கும் என் சாப்பாட்டு முறைதான் காரணம் என்று அவர் ஒரு கருத்து வைத்திருந்தார். எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. வெளியே போகலாம் என்று மனைவியிடம் இரண்டு முறை கேட்டேன். "அப்பாவ தனியா விட்டுட்டா?" என்று அவள் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் மனைவி இரண்டு விடுதிகளுக்கு இடியாப்பம் அவித்துக் கொடுக்கிறாள். காலையும் மாலையும் ஆவி பறக்கும் வேலை. கேஸ் சிலிண்டர் எத்தனை வந்தாலும் அவளுக்குப் பற்றாது. எங்கள் கம்பெனி வழியாக மரத்தூளையும் கடலைத் தோலையும் இயந்திரத்தில் அழுத்திச் செய்த பெல்லட் மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன. சுண்டுவிரல் கனத்தில், சின்னச் சின்னத் துண்டுகள். அதைப் போட்டு எரிக்கும் வீட்டு அடுப்பு ஒன்று கோயம்புத்தூரில் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் வரவழைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான்.

மாமா மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"மாட்டுத் தீவனத்தப் போட்டு எரிக்க அடுப்ப இப்பதான் பாக்கேன்" என்றார்.

அடுப்பைப் பொருத்தக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் பொறுமைசாலி. முழங்கால் உயர இரும்புப் பெட்டி, மேலே பெல்லட் கொட்டும் தொட்டி, பக்கத்தில் காற்று ஊதும் சின்ன விசிறி, மின்சாரம் போனால் விசிறி நிற்காமல் இருக்க ஒரு பேட்டரி. பின்னாலிருந்து புகைக்குழாய் கிளம்பி, மாடிக் குசினிச் சுவரைத் துளைத்து வெளியே போய், மொட்டை மாடிக்கு மேல் ஓர் ஆள் உயரம் எழும்பி நின்றது. சுவர்த் துளையில் குழாயைச் சுற்றி வெப்பம் தாங்கும் பஞ்சு வைத்தார். பக்கத்தில் இருந்த மர அலமாரியை எடுத்தே ஆக வேண்டும் என்றார். காற்று எந்தப் பக்கம் அதிகம் என்று தெரியாமல் மாமாவிடம் கேட்டுவிட்டார். கச்சான் காற்று எப்போது, கொண்டல் காற்று எப்போது, எது மணலைக் கொண்டுவரும், எது மழையைக் கொண்டுவரும் என்று மாமா அரைமணி நேரம் விளக்கினார். பாவம், அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

போகும்முன் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். பெல்லட் நனையக் கூடாது. சாம்பலைத் தினமும் அள்ள வேண்டும், ஆறிய பிறகு இரும்பு வாளியில். எரியும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு ஜன்னல் எப்போதும் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். குழாயின் வாய் எக்காரணம் கொண்டும் அடைபடக் கூடாது.

"நெருப்பு கண்ணுக்குத் தெரியுமுங்க சார். புகை மூக்குக்குத் தெரியும். இதுல வர்ற ஒரு வாயு ரெண்டுக்கும் தெரியாதுங்க. தலவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதானுங்க" என்றார். அந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கத்தும் சின்னக் கருவி ஒன்று உண்டு, வாங்கி மாட்டிவிடுங்கள் என்றும் சொன்னார்.

வாசலில் நின்ற மாமா, "அடுப்புக்குக் காவல் நாய் வேறயா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். எட்டு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் கருவியை வாங்காமலே விட்டேன்.

அடுப்பு நன்றாக வேலை செய்தது. இடியாப்பத் தட்டுகள் சீக்கிரம் வெந்தன, பாத்திரம் கரி பிடிக்கவில்லை. பெல்லட் மூட்டைகளை நான் மாடிப் பரணில் பிளாஸ்டிக் சுற்றி அடுக்கினேன், கடல் காற்றில் அவை ஊறி உப்பிப் பொடியாகிவிடும். காலையில் சாம்பல் அள்ளுவதும் தொட்டியை நிரப்புவதும் என் வேலை. அந்தக் குசினி மூலை என் ராஜ்யம். இதற்கிடையில் மனைவி உண்டானாள். எட்டு வருடம் கழித்து. மாமா என் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

அவளுக்கு எட்டு மாதம் முடிகிற நேரத்தில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள்.

கூண்டு ஏறினால் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. தோணியில் புயல் வருமுன் சரக்கு இறக்கும் வாயைத் தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்து, ஒரு சொட்டு உள்ளே போகாதபடி கட்டுவார்கள். மாமா வீட்டையும் அப்படியே கட்டுவார். ஜன்னல், காற்றுப்போக்கி, மாடித் தண்ணீர் வடியும் துளை, மோட்டார் பெட்டி, எதற்கெல்லாம் வாய் இருக்கிறதோ அத்தனைக்கும் நீலத் தார்ப்பாய். "வாயத் தொறந்து போட்டா கடல் உள்ள வந்துரும்" என்பார். அந்தத் தெரு முழுக்கப் பழைய தோணிக்காரர்கள். எல்லா வீடும் நீலமாக இருக்கும்.

அன்று காலைதான் எனக்கும் அவருக்கும் சண்டை. பிரசவத்துக்கு அவளை முன்கூட்டியே ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வீட்டில் வைக்கலாம் என்றேன். "நாங்கல்லாம் இந்த வீட்டுலதான் பொறந்தோம்" என்று முடித்துவிட்டார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் அவருக்கு ஏணி பிடித்தேன். மொட்டை மாடியில் கடைசியாக அவர் புகைக்குழாய் பக்கம் வந்தார். அதன் தலையில் தார்ப்பாயைக் கவிழ்த்தார். எனக்குக் கோயம்புத்தூர்க்காரர் சொன்னது நன்றாக ஞாபகம் வந்தது. வார்த்தை நாக்குவரை வந்தது.

"கயித்தத் தாரும்" என்றார் மாமா. நான் நின்றேன்.

"மாப்ள, கயித்தத் தாரும்வே."

கொடுத்தேன். இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் நானே வந்து அவிழ்த்துக்கொள்ளலாம், எதற்கு வீணாக வாயைக் கொடுப்பது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மூன்றாம் நாள் விடியும்போது குளம் உடைந்து தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. மாமாவின் கட்டில், மர அலமாரி, இரண்டு முழு சிலிண்டர்கள் எல்லாம் கீழ் வீட்டில் மிதந்தன. அவரை மாடிக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பத்து மணிக்குப் படிக்கட்டில் ஒன்பது படிகள் தண்ணீருக்குள். மின்சாரம் இல்லை. மாடிக் குசினியில் இருந்த சிலிண்டர் அன்று மதியமே தீர்ந்தது. ஒரு கூடம், ஒரு குசினி, மூன்று பேர், அவள் வயிற்றில் ஒன்று.

எட்டு வருடமாக எனக்குப் பிடிக்காத சிறை அது. இப்போது கதவும் இல்லாமல் போயிற்று. மாமா மணிக்கொரு தரம் படிக்கட்டில் இறங்கி எத்தனை படி முழுகியிருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்து சொல்வார். ஜன்னல்கள் எல்லாம் தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்ததால் பகலிலும் வீடு நீல இருட்டாக இருந்தது. எனக்கு ஒரே ஒரு பயம். வலி வந்துவிட்டால்? இந்தத் தண்ணீரில் அவளை எப்படிக் கொண்டுபோவது? போன் எடுப்பதும் சிக்னல் தேடுவதுமாக இருந்தேன்.

அடுப்பு எங்களுக்குக் கைகொடுத்தது. பரணில் பெல்லட் காய்ந்து இருந்தது, பேட்டரி நிறைந்து இருந்தது. "நல்லவேள மாப்ள, தீவனம் வாங்கி வச்சீரு" என்று மாமா சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பற்றவைத்தேன். கஞ்சி வைத்தோம், அவளுக்கு வெந்நீர் போட்டோம். ஆரம்பத்தில் கொஞ்சம் புகை வந்தது. மூட்டை ஈரம் பட்டிருக்கும் என்று மாமா சொன்னார், நானும் ஆமாம் என்றேன். குழாயைக் கட்டியது மறந்தே போய்விட்டது. நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை. தண்ணீர் வந்த அமளியில் முந்தா நாள் என்பது போன வருடம் மாதிரி ஆகிவிட்டது. மறதிக்காவது மன்னிப்பு உண்டு. ஏணியடியில் வாயை மூடிக்கொண்டதற்குத்தான் இல்லை.

தீ எழும்பி அடங்கிய பிறகு புகையும் இல்லை. கங்கு மட்டும் சிவந்து கிடந்தது. நல்ல கதகதப்பு. அவள் சுவரில் சாய்ந்து அடுப்பருகிலேயே உட்கார்ந்தாள். ஒரு ஜன்னலைத் திறந்து தார்ப்பாயை விலக்கப் போனேன். "ஈரக் காத்து, புள்ளத்தாச்சிக்கு ஆகாது, சாத்தும்" என்றார் மாமா. சாத்தினேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து மூன்று பேருக்கும் தலைவலி. பசி, தூக்கமின்மை, பயம் என்று காரணத்துக்கா பஞ்சம்? மதியத்துக்குள் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு தூங்கிக்கொண்டே இருந்தாள். எழுப்பினால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

"ஏங்க, புள்ள காலையில இருந்து அசையவே இல்ல" என்றாள்.

மாமா ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. சிக்னலுக்காக மூலை மூலையாகப் போனைத் தூக்கிப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் படகுக்காரர்கள் எண் ஒன்று கிடைத்தது, முகவரி சொன்னேன், வருகிறோம் என்றார்கள். இறங்கினேன். தலை மறுபடி பிளந்தது. மறுபடி மேலே போனேன், படகு வருகிறதா என்று பார்க்க. வலி விட்டது. இறங்கினேன், பிடித்துக்கொண்டது.

மூன்றாம் முறை மேலே போனபோது படகைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து குழாயைப் பார்த்தேன். அதன் தலையில் நீலத் தார்ப்பாய், கழுத்தில் மூன்று சுற்றுக் கயிறு. அவ்வளவு புயலிலும் ஓர் இம்மிகூட நெகிழவில்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கீழே ஓடி முதலில் அவளைத் தூக்கினேன். "மாமா, பிடிங்க, வெளிய கொண்டு போகணும், அடுப்புல நஞ்சு" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் அவர் மறுபக்கம் தோள் கொடுத்தார். அவள் கால் தரையில் இழுபட, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தூறலில் நாற்காலியில் உட்காரவைத்துக் குடை பிடித்தார். நான் திரும்பி வந்து கையில் அகப்பட்டதைக் கொண்டு ஜன்னல் தார்ப்பாய்களைக் கிழித்தேன். காற்று ஒரே அடியாக உள்ளே வந்தது. அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது அப்போதும் ஞாபகம் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தபோது வராத ஞாபகம்.

பிறகு குழாய்ப் பக்கம் ஏணியைப் போட்டு ஏறினேன். முடிச்சு அவிழவில்லை. நகம் பிய்ந்தது. தோணிக்காரன் முடிச்சு அது, ஈரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. காற்றுப் பட்டுக் கண் விழித்திருந்த அவளிடம் குடையைக் கொடுத்துவிட்டு மாமா வந்தார். "இறங்கும்" என்றார். எழுபது வயதில் ஏறி, இரண்டு விரலால் எதையோ தள்ளி எதையோ இழுத்தார். கயிறு கழன்று விழுந்தது. தார்ப்பாயை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். கரி அப்பிக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மணப்பாட்டுப் பக்கத்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்த பைபர் படகு ஒன்று மாலைக்கு முன் வந்தது. மாடிப்படியின் பத்தாம் படியிலிருந்து அவளை நேராகப் படகில் இறக்கினோம். ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். வயிற்றில் ஒரு கருவியை வைத்துத் தேடினார்கள். தேடிக்கொண்டே இருந்தார்கள். பிறகு குதிரை ஓடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"மூடின ரூம்ல அடுப்பு எரிச்சீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"குழாயக் கட்டுனது நான்தாம்மா" என்றார் மாமா. கட்டிலில் இருந்து அவள் தன் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, மூளை வளர்ச்சியைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தப் போகப் போக என்பது எவ்வளவு நீளம் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். கைதட்டினால் திரும்புகிறாளா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, கழுத்து நின்றதா. ஒவ்வொன்றும் எங்களுக்குத் தேர்வு முடிவு. ஒவ்வொன்றிலும் அவள் தேறினாள். ஆனால் என் மனைவி அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். பக்கத்தில் உட்காரவும் இல்லை. மூன்று வேளையும் அவருக்குத் தட்டில் போட்டு என்னிடம் கொடுப்பாள், நான் கீழே கொண்டுபோய் வைப்பேன். சொந்தக்காரர்கள் வந்தால், "தண்டலுக்கு வயசாயிட்டு, புத்தி மழுங்கிட்டு" என்று காதுபடவே சொன்னார்கள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒருநாள் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வற்றல் எங்கே காய வேண்டும் என்று இப்போது நான் சொன்னேன். வாயுக் கருவியை வாங்கிக் குசினியில் மாட்டினேன். அதன் பச்சை விளக்கு மினுக்கும்போதெல்லாம் என்னைத்தான் பார்ப்பதுபோல் இருக்கும். எந்த நேரமும் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் சாவியும் போகும், அவளும் போவாள். நாள் கடக்கக் கடக்க அந்த வாக்கியம் ஈரத்தில் நனைந்த முடிச்சு மாதிரி இறுகிக்கொண்டே போனது. எட்டு வருடம் அவரிடம் மாட்டிக்கொண்டு இருந்ததைவிட இது மோசமாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி கூண்டு ஏற்றினார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாக நீலம் போர்த்திக்கொண்டது. மாமா எழுந்திருக்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, வேலையில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "நீங்களே ஜன்னலக் கட்டுங்க" என்று அவள் மேலிருந்து என்னிடம் சொன்னாள். கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தவன் அவரைத் தாண்டிப் போக முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு நீங்க குழாயில தார்ப்பாய் போடும்போதே நான் பாத்தேன். கட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அவர் தெருவைப் பார்த்தபடியே இருந்தார்.

"தெரியும் மாப்ள. கயிறு கேட்டதும் தயங்குனீருல்லா. ரெண்டாந்தரம் கேக்க வேண்டியிருந்துச்சு. இவருக்கு என்னமோ சொல்லணும்னு இருக்குன்னு அப்பவே தோணுச்சு. கேட்டா எங்க எதுத்துப் பேசிருவீரோன்னு நானும் கேக்கல."

"பெறகு ஏன் அவகிட்ட சொல்லல?"

"அப்பன் மேல கோவம்னா அப்பன் செத்தா தீந்துரும். புருசன் மேலன்னா? அவளும் இந்த வீட்டுக்குள்ளதான கெடக்கணும்."

கயிறு என் மடியில் கிடந்தது. எழுந்து மாடிக்குப் போனேன். அவள் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள், குழந்தை முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, கயிறு, தயங்கியது, டாக்டரம்மா முன்னால் பேசாமல் நின்றது, ஒன்றையும் விடவில்லை.

அவள் கையைக் கழுவினாள். ஒரு தட்டில் நான்கு இடியாப்பம் வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றினாள். வழக்கம்போல வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் தட்டை என்னிடம் கொடுக்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவளே படியிறங்கிப் போனாள்.

"அப்பா" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் அழுவது கேட்டது. நான் இறங்கவில்லை. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. தட்டுகள் வேகும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.